காற்புள்ளியும் காரணகாரியமும்: ஆங்கில வாக்கிய வழுவொன்று பற்றிய சில சிந்தனைகள்

தாய்மொழியிலே உயர்தரம் வரை பயின்று பல்கலைக்கழகம் புகும் தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் எழுதும் விடைகளிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி காணப்படும் வழு ஒன்றுண்டு. தனித்தனி வாக்கியங்களாக நிற்கவல்ல இரண்டு கூற்றுக்கள் ஒரு காற்புள்ளியால் மட்டும் தொடுக்கப்பட்டிருக்கும். அல்லது அக்குறிதானும் இன்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். முன்னையதை ஆங்கில இலக்கண நூலார் ‘கொமா ஸ்பிளைஸ்’ என்பர். பின்னையதை ‘ரன்-ஒன்’ வாக்கியம் என்பர். இரண்டையும் பின்னைய பெயராலேயே வழங்குவோரும் உளர். ஸ்பிளைஸ் என்பது இரு கயிறுகளின் நுனிகளை முடிச்சிடாது புரி பிரித்துப் பின்னி இணைப்பதைக் குறிக்கும் சொல்லாகும். நாம் இக்கட்டுரையில் இவ்விரு வழுக்களையும் முறையே காற்புள்ளிப் பிணைப்பு, ஓட்ட வாக்கியம் என வழங்குவோம்.

இவ்வழுவைத் திருத்தும் வழி பலரும் அறிந்ததே. விரிவுரையாளர் சிவப்பு மையாற் கோடிட்டுக் காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக மாற்றிவிடுவார். மாணவரும் அதனை ஏற்றுக்கொள்வர். ஆயின், அடுத்த கட்டுரையிலும் அதே வழு தலைகாட்டும். ஏன் அவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், திருத்துதல் என்பது உண்மையில் யாது என்பதையும் ஆராய்வதே எமது நோக்கமாகும். இதனைக் கவனக்குறைவு என்றோ குறிகள் பற்றிய அறியாமை என்றோ கொண்டு அமைதல் போதாது. இரு கூற்றுக்களுக்கிடையே உள்ள தொடர்பு யாது என எழுதுவோர் தீர்மானியாது விடுவதே இதன் வேர் என்பது எமது கருத்தாகும்.

வழுவின் இயல்பு

பொருளியல் வரலாற்று விடையொன்றில் இடம்பெறத்தக்க வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்திலேயே தருகின்றோம்.

‘றபர் பிறைஸஸ் பெல், எஸ்ரேற்ஸ் டிஸ்மிஸ்ட் வேர்க்கர்ஸ்.’

இறப்பர் விலை வீழ்ந்தது, தோட்டங்கள் தொழிலாளரை நீக்கின என்பது இதன் பொருள். 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின்போது இலங்கையில் இறப்பர் விலை வீழ்ந்ததும், தோட்டத் தொழிலாளர் பலர் வேலையிழந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் வரலாற்று உண்மைகள். ஆகவே மாணவர் கூறியதில் தகவற் பிழை இல்லை. எனினும் ஆங்கில எழுத்து மரபு இவ்வாக்கியத்தை வழுவென்றே கொள்ளும். காற்புள்ளிக்கு முன்னுள்ளதும் பின்னுள்ளதும் தத்தமக்கு உரிய எழுவாயும் காலங்காட்டும் பயனிலையும் பெற்றுத் தனித்து நிற்கவல்லன. அத்தகைய இரண்டினைத் தாங்கும் வலு காற்புள்ளிக்கு இல்லை என்பது அம்மரபின் துணிபு.

ஒரு தொடர் தனித்து நிற்கவல்லதா என அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அதனை ஆம் அல்லது இல்லை என விடை வேண்டும் வினாவாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். ‘டிட் றபர் பிறைஸஸ் போல்?’ என்றும், ‘டிட் எஸ்ரேற்ஸ் டிஸ்மிஸ் வேர்க்கர்ஸ்?’ என்றும் வினவலாம். ஆதலின் இரண்டும் தனித்தொடர்களே. மாறாக, ‘பிகோஸ் றபர் பிறைஸஸ் பெல்’ என்பதை அவ்வாறு வினாவாக்கல் இயலாது; அது மற்றொன்றைச் சார்ந்து நிற்கும் சார்புத் தொடர். காற்புள்ளியின் இருபுறமும் வினாவாக மாறுமாயின், அவ்விடத்தில் காற்புள்ளி மட்டும் நிற்றல் தகாது.

வாக்கியத்தின் நீளத்துக்கும் இவ்வழுவுக்கும் தொடர்பில்லை என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ‘இட் றெயின்ட், வீ லெப்ட்’ என்னும் நான்கு சொற்களுக்குள்ளும் வழு உண்டு. பக்கத்தின் பாதியை நிரப்பும் வாக்கியம் வழுவற்றதாகவும் அமையலாம். 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டிலே எச்சங்கள் நெடுந்தொலைவு தொடர்ந்து சென்று முற்றினை அடையும் பகுதிகள் உண்டு. அவற்றை எவரும் வழுவெனக் கூறுவதில்லை. ‘வாக்கியத்தைச் சுருக்கி எழுதுக’ என்னும் அறிவுரை இதனாலேயே பயன் தருவதில்லை.

தமிழில் முடிபும் ஆங்கிலத்தில் முடிபும்

தமிழிலே வாக்கியம் முடிவதை வினைச்சொல்லின் வடிவமே காட்டிவிடுகின்றது. வீழ்ந்தது என்பது முற்று. வீழ்ந்து, வீழ்ந்ததால், வீழ்ந்தபோது, வீழ்ந்தபின், வீழ்ந்தால், வீழ்ந்தும் என்பன மேலும் ஒன்றினை அவாவி நிற்கும் வடிவங்கள். எச்சம், முற்று என்ற பாகுபாடு தொல்காப்பியர் காலந்தொட்டு எமது இலக்கண மரபிலே நிலைபெற்றதாகும். ஓலைச்சுவடிகளிலே இன்றுள்ள நிறுத்தக்குறிகள் இல்லாதிருந்தும் உரையாசிரியர்கள் எச்சம் இன்னது, அது கொண்டு முடியும் வினை இன்னது என வகுத்துக் காட்டினர். வினைமுடிபு காணல் என்னும் அவர்தம் உரைத்தொழில், சொல்லின் வடிவே வாக்கியத்தின் எல்லையைச் சுட்டும் என்னும் நம்பிக்கையின் மேல் எழுந்ததெனலாம்.

ஆங்கிலத்தின் நிலை வேறு. ‘பெல்’ என்னும் வினை தனித்தொடரிலும் அவ்வாறே நிற்கும். ‘பிகோஸ்’, ‘வென்’, ‘ஆப்ரர்’ என்பவற்றால் தொடங்கும் சார்புத் தொடரிலும் அவ்வாறே நிற்கும். வாக்கியம் முடிந்ததா, தொடர்கின்றதா என்பதை அவ்வினை சொல்லாது. அப்பணியைத் தொடரின் முன்னே நிற்கும் இணைப்புச் சொல்லும், தொடரின் பின்னே நிற்கும் குறியும் பகிர்ந்துகொள்கின்றன. தமிழில் வினையின் ஈறு சுமக்கும் சுமையை ஆங்கிலத்தில் ஒரு பகுதியேனும் புள்ளி சுமக்கவேண்டியதாகின்றது.

இவ்வேறுபாட்டிலிருந்து மற்றொன்றும் புலனாகும். காரணம், காலம், நிபந்தனை ஆகிய தொடர்புகளைத் தமிழ் முதற்கூற்றின் இறுதியிலே வைக்கின்றது. ஆங்கிலம் அவற்றைத் தொடரின் தொடக்கத்திலே வைக்கின்றது. தமிழிற் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் முதற்கூற்றை எழுதி முடித்த இடத்திலே, ‘ஆல்’ என்றோ ‘போது’ என்றோ சேர்க்கவேண்டிய தேவையை உணர்கின்றார். ஆங்கில வினையின் பின்னே அதற்கு இடமில்லை. அந்த வெற்றிடத்திலே காற்புள்ளி வந்தமர்கின்றது. தமிழ் மாணவர் இடும் காற்புள்ளிகளுட் பல இவ்வாறு எழுதப்படாத எச்ச ஈறுகளாதல் கூடும் என நாம் கருதுகின்றோம்.

ஆயினும் எல்லாவற்றையும் தாய்மொழியின் தலையிற் சுமத்துதல் பொருந்தாது. இரு மொழிகளின் அமைப்பை ஒப்பிட்டு வழுக்களை முன்னறியலாம் என்னும் கொள்கையை 1957 இல் றொபேட் லாடோ தமது நூலில் விரித்துரைத்தார். 1967 இல் பிற் கோடர் எழுதிய கட்டுரை, கற்போர் இழைக்கும் வழு அவர் தமக்குள் அமைத்துக்கொண்ட ஓர் ஒழுங்கின் சான்று என்னும் நோக்கினை முன்வைத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரும் காற்புள்ளிப் பிணைப்பை இழைக்கின்றனர் என்பது இந்நோக்கிற்கு அரண் செய்கின்றது. பேச்சிலே குரலின் ஏற்றத்தாழ்வு தொடர்பினை உணர்த்திவிடும். எழுத்திலே குரல் இல்லை. அவர்கள் குரலை நம்பி இடும் காற்புள்ளியை எம்மவர் எச்சத்தை நம்பி இடுகின்றனர். இரு சாராரும் சொல்லாது விட்டது ஒன்றே.

குறிகளின் பெயரும் பொருளும்

தமிழில் இக்குறிகளுக்கு வழங்கும் பெயர்களும் ஒருவகை மயக்கத்துக்கு இடமளிக்கின்றன. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பன அளவுப் பெயர்கள். கால் அளவு நிறுத்து, அரையளவு நிறுத்து என மாத்திரைக் கணக்கில் மூச்சினை அளக்கும் பொருள் அவற்றுள் அடங்கியிருக்கின்றது. 1795 இல் வெளிவந்த லிண்ட்லி மறேயின் ஆங்கில இலக்கணமும் ஒவ்வொரு குறியும் முன்னதன் இருமடங்கு நேரம் நிறுத்தற்குரியது எனக் கற்பித்தது. இக்குறிகளின் தொடக்கமும் வாய்விட்டு வாசித்தலோடு பிணைந்ததே. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தில் அலெக்சாந்திரியா நூலகத்திற் பணிபுரிந்த பைசாந்தியத்து அரிஸ்தோபனீஸ் வாசிப்போருக்கு உதவும்பொருட்டு மூன்று நிலைகளிற் புள்ளியிடும் முறையை வகுத்தார். அரைப்புள்ளியின் இன்றைய வடிவம் 1490களில் வெனிஸ் நகரத்து அச்சாளர் அல்டஸ் மனூசியஸின் அச்சகத்திற் பிறந்தது. தமிழ் உரைநடையிலே இக்குறிகளை முறையாகக் கையாண்டு பரப்பியோருள் ஆறுமுக நாவலர் (1822–1879) முதன்மையானவர்.

எனினும் இன்றைய ஆங்கில எழுத்து மரபு மூச்சினின்றும் பெரிதும் விலகி இலக்கண அமைப்பினைச் சார்ந்து நிற்கின்றது. ‘மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி இடுக’ எனப் பள்ளியிற் கற்ற மாணவர் காற்புள்ளிப் பிணைப்பை இழைக்கும்போது தாம் கற்ற விதியைப் பிழையின்றியே பின்பற்றுகின்றனர். அவரிடம் மேலும் கவனமாக இருக்கும்படி கூறுவதால் விளையும் பயன் யாது?

திருத்தங்கள் ஐந்து, பொருள்களும் ஐந்து

மேற்காட்டிய வாக்கியத்தைத் திருத்தும் வழிகளை இனி நோக்குவோம். இலக்கண நூல்கள் இவற்றை ஒன்றுக்கொன்று ஈடாகவே அடுக்கித் தருவது வழக்கம். உண்மையில் அவை ஈடானவை அல்ல.

முதலாவது, முற்றுப்புள்ளியிட்டு இரு வாக்கியங்களாக்கல். விலை வீழ்ந்தது; தொழிலாளர் நீக்கப்பட்டனர் என்னும் இரு செய்திகள் அருகருகே நிற்கும். தொடர்பு பற்றி எழுதுவோர் எதுவும் கூறவில்லை.

இரண்டாவது, அரைப்புள்ளியிடல். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது மட்டும் உணர்த்தப்படும். தொடர்பின் தன்மையை வாசகர் ஊகித்தல் வேண்டும்.

மூன்றாவது, காற்புள்ளியை நீக்காது அதனுடன் ஓர் இணைப்பிடைச்சொல்லைச் சேர்த்தல். ஆங்கிலத்தில் இத்தகுதி பெற்றவை ‘அண்ட்’, ‘பட்’, ‘ஓர்’, ‘நோர்’, ‘போர்’, ‘சோ’, ‘யெட்’ என்னும் ஏழு. ‘அண்ட்’ எனின் இரண்டும் நிகழ்ந்தன என்பதே பொருள். ‘சோ’ எனின் முன்னையதன் விளைவே பின்னையது என்றாகும்.

நான்காவது, ஒரு கூற்றைச் சார்புத் தொடராக்கல். ‘வென்’ எனின் கால ஒருமை. ‘பிகோஸ்’ எனின் காரணம். தொழிலாளர் நீக்கத்துக்கு விலைவீழ்ச்சியே காரணம் என எழுதுவோர் உறுதி கூறுகின்றார்.

ஐந்தாவது, இரு கூற்றுக்களையும் ஒரே பயனிலையின்கீழ் அடக்கல். விலைவீழ்ச்சியைக் காரணங்காட்டித் தோட்டங்கள் தொழிலாளரை நீக்கின என்னும் பொருள்பட எழுதலாம். இங்கே காரணம் என்பது தோட்ட நிருவாகம் காட்டிய காரணமாக மாறிவிடுகின்றது. நீக்கம் விலையின் இயல்பான விளைவா, இலாபத்தைக் காக்க எடுக்கப்பட்ட முடிவா என்னும் வினாவை இவ்வடிவம் எழுப்புகின்றது.

‘பிகோஸ்’ என எழுதியவரும் ‘காரணங்காட்டி’ என எழுதியவரும் பொருளியல் வரலாற்றிலே வெவ்வேறு நிலைப்பாடுகளில் நிற்கின்றனர். முன்னவர் சந்தையைக் காண்கின்றார். பின்னவர் சந்தையோடு முடிவெடுத்தோரையும் காண்கின்றார். காற்புள்ளி மட்டும் இட்டவர் இவ்விரு நிலைகளுள் எதனையும் ஏற்கவில்லை, மறுக்கவுமில்லை. வரலாற்றுக்கும் சமூகவியலுக்கும் உரிய அடிப்படை வினாவே அக்காற்புள்ளியுள் ஒளிந்துகிடக்கின்றது. ஆகவேதான் விரிவுரையாளர் மாணவருக்காகக் குறியை மாற்றிக் கொடுப்பது திருத்தமாகாது என்கின்றோம். இன்று கணினி மென்பொருள்கள் இவ்வழுவைக் கோடிட்டுக் காட்டுவதோடு மாற்று வாக்கியத்தையும் நொடிப்பொழுதில் தருகின்றன. அவை தெரிந்தெடுக்கும் இணைப்புச் சொல்லை ஆராயாது ஏற்கும் மாணவர், தமது வாதத்தின் மூட்டினைப் பிறிதொன்றிடம் ஒப்படைத்தவராகின்றார்.

‘ஹவெவர்’ என்னும் சொல்லால் வரும் மயக்கம்

காற்புள்ளிப் பிணைப்பின் மற்றொரு வடிவம் கற்றோரிடத்தும் காணப்படுவது. ‘பிறைஸஸ் றோஸ், ஹவெவர் வேஜஸ் டிட் நொற்’ என எழுதுவர். விலை உயர்ந்தது, எனினும் கூலி உயரவில்லை எனத் தமிழிற் காற்புள்ளியோடு எழுதுவதில் தடையில்லை. ஆனால், எனினும் என்னும் இரண்டையும் தமிழ் ஒருநிகராகவே நடத்துகின்றது. ஆங்கிலமோ ‘பட்’ என்பதற்கு வாக்கியங்களை இணைக்கும் உரிமை வழங்கி, ‘ஹவெவர்’, ‘தெயர்போர்’ என்பவற்றுக்கு அதனை மறுக்கின்றது. இவை வினையடைகள்; இடம்பெயர வல்லவை. ‘வேஜஸ், ஹவெவர், டிட் நொற்’ என நடுவிலும் வைக்கலாம். ‘பட்’ அவ்வாறு பெயராது. பெயர்த்து வைக்கத்தக்க சொல் முன்னே வருமாயின், அதற்கு முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இடுதல் வேண்டும் என்பதை மாணவர் எளிதில் நினைவிற் கொள்ளலாம்.

வழுவும் அதிகாரமும்

இவ்விடத்திலே முற்போக்குச் சிந்தனையுடைய வாசகர் ஒருவர் தடையொன்றை எழுப்பக்கூடும். சார்ள்ஸ் டிக்கென்ஸ் 1859 இல் எழுதிய ‘இரு நகரங்களின் கதை’ என்னும் நாவலின் தொடக்கப் பகுதி காற்புள்ளிப் பிணைப்புக்களின் நீண்ட வரிசையே. ஸ்ட்ரங்க் எழுதி 1918 இல் அச்சான நடைக் கையேடும், 1959 இல் வைற் திருத்தி வெளியிட்ட பதிப்பும், இவ்வழுவை விலக்கியபோதிலும், மிகக் குறுகி ஒத்த வடிவில் அமைந்த தொடர்களுக்கு விலக்களிக்கின்றன. டிக்கென்ஸ் எழுதின் நடையழகு, மட்டக்களப்பு மாணவி எழுதின் வழுவா? விதி என்பது ஆளும் வர்க்கத்தின் அடையாளச் சின்னந்தானே?

இத்தடையில் உண்மை உண்டு. 1943 இல் கன்னங்கராக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960களிலே தாய்மொழிக் கல்வி கலைப்பீடங்களைச் சென்றடைந்தது. முன்னர் பல்கலைக்கழக வாயிலை எட்டியும் பாராத கிராமத்துப் பிள்ளைகள் பட்டதாரிகளாயினர். எனினும் தொழிலும் உயராய்வும் ஆங்கிலத்தின் காவலிலேயே பெரிதும் இருந்தன. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், எனக் குறிப்பிட்டமையைத் தலைப்பாகக் கொண்டு பேராசிரியர் திரு கந்தையா 1984 இல் எழுதிய கட்டுரை, ஆங்கிலம் அதிகாரத்தின் ஆயுதமாகச் செயற்படும் வகையை ஆராய்ந்தது. ஒரு காற்புள்ளியைக் கண்டமாத்திரத்தில் எழுதியவரின் அறிவையே ஐயுறும் தேர்வாளரின் கையில் அவ்வாளின் கூர்மையை நாம் காணலாம்.

ஆயினும் விதியைப் புறக்கணிக்குமாறு மாணவருக்குக் கூறுவதும் விடுதலையாகாது. இது தொடர்பில் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் கருதத்தக்கது. 1970 இல் அப்பல்கலைக்கழகம் தன் வாயிலை நகரின் பள்ளிகளை முடித்த அனைவருக்கும் திறந்தது. கறுப்பினத்தவரும் புவேட்டோ றிக்கோவினரும் வறிய குடியேறிகளின் பிள்ளைகளும் உள்ளே வந்தனர். அவர்தம் எழுத்தைக் கண்ட ஆசிரியர் பலர் இவர்கள் கல்விக்குத் தகுதியற்றோர் என்றனர். அங்கே கற்பித்த மீனா ஷோனஸி அம்மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஆராய்ந்து 1977 இல் ஒரு நூலை வெளியிட்டார். நிறுத்தக்குறிகளுக்கும் அதில் இடமளித்த அவர், அவ்வழுக்கள் அறிவின்மையின் விளைவல்ல, தமக்கே உரிய தருக்கம் கொண்டவை எனக் காட்டினார். அதே வேளையில், எழுத்தின் மரபுகளைக் கற்பிக்கும் பொறுப்பினையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. டிக்கென்ஸுக்கு மாற்று வடிவங்கள் தெரிந்திருந்தன. தெரிந்தே அவர் ஒன்றைத் தேர்ந்தார். தெரிவு இல்லாதவரிடம் அதனை நடையெனப் பாராட்டுவது அவரை அவ்விடத்திலேயே நிறுத்திவைப்பதாகும்.

கற்பித்தலுக்குச் சில முன்மொழிவுகள்

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உகந்த ஒழுங்கொன்றை வகுக்கலாம். முதலில், தாம் எழுதிய பந்தியிலே காலங்காட்டும் வினைகளையும் அவற்றின் எழுவாய்களையும் மாணவர் கோடிடுதல் வேண்டும். அடுத்து, ஒவ்வொரு தொடரையும் வினாவாக்கிப் பார்த்துத் தனித்தொடர்களை இனங்காணுதல் வேண்டும். பின்னர், இரு தனித்தொடர்களுக்கிடையே நிற்பது யாது என நோக்குதல் வேண்டும். வெற்றிடமோ காற்புள்ளி மட்டுமோ எனின், உடனே குறியை மாற்றாது, அவ்விரு கூற்றுக்களையும் தமிழிலே ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்கும்படி கேட்டல் வேண்டும்.

இவ்விறுதிப் படியே எமது முன்மொழிவின் உயிர்நிலை. தமிழில் எழுதும்போது மாணவர் ஏதேனும் ஓர் எச்சத்தைத் தெரிந்தேயாகவேண்டும். வீழ்ந்ததால் என வரின் ‘பிகோஸ்’. வீழ்ந்தபோது எனின் ‘வென்’. வீழ்ந்தபின் எனின் ‘ஆப்ரர்’. வீழ்ந்தால் எனின் ‘இப்’. வீழ்ந்தும் எனின் ‘அல்தோ’. எந்த எச்சமும் பொருந்தவில்லையெனின் அவை தனித்தனி வாக்கியங்களாகவே நிற்கத்தக்கன, முற்றுப்புள்ளி போதும். எனினும் ‘பிகோஸ்’ என்னும் சார்புத் தொடரைப் புள்ளியிட்டுத் தனியே நிறுத்தி, ஒரு வழுவைத் திருத்தப் புகுந்து மற்றொரு வழுவை வருவித்துக்கொள்ளாதபடி எச்சரித்தலும் அவசியம். வீழ்ந்ததால் என எழுதிவிட்டு அங்கேயே வாக்கியத்தை முடிக்க எந்தத் தமிழ் மாணவரும் துணியார். அவ்வுணர்வையே ஆங்கிலத்துக்கும் கொண்டு செல்லலாம்.

எமது பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் அலகுகளும் தமிழ்த்துறைகளும் ஒன்றையொன்று அறியாதனபோல இயங்குவதைக் காண்கின்றோம். ஆங்கில வகுப்பிலே தாய்மொழி ஓர் இடையூறாகவே கருதப்படுகின்றது. எச்சமும் முற்றும் பள்ளிப் பருவத்திலேயே எம் மாணவர் கற்ற பாடம். தேர்வுக்காக மனனம் செய்து மறக்கப்பட்ட பாடம். ஆங்கில வாக்கியத்தின் எல்லையை அறிவதற்கு அப்பாடத்தை மீண்டும் எடுப்பின், இரு மொழியறிவும் ஒருங்கே வளரும். இவ்விரு துறையினரும் கூடி, மாணவர் கட்டுரைகளிலுள்ள காற்புள்ளிப் பிணைப்புக்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்த எச்சத்தின் இடத்தில் நிற்கின்றது என ஆராய்வாராயின், நாம் ஈண்டு கருத்தாகக் கூறியது உண்மையா என்பதும் சோதிக்கப்படும். கற்பித்தலுக்குப் பயன்படும் நூலொன்றும் கிடைக்கும்.